டிஎன்ஏ டெஸ்ட்ல ஒரு முனுசாமி கூட வரல, சாம்பிள் மாறிடுச்சா? உதவி பண்ணுங்க

சாட்ஸ்வர்த்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். டர்பன்ல இருக்கோம், சர்நேம் முனுசாமி. கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்ல கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவரு, அதுக்கு மேல வீட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்பாவுக்கு 81 வயசு, அவரு இருக்கும்போதே நம்ம ஊரு எதுன்னு சொல்லிடணும்னு ஆசை, அதான் அவரு கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால தேய்ச்சு ஒய்-37 டெஸ்டுக்கு (அப்பா வழியா வர்ற ஒய் குரோமோசோம்ல 37 இடத்தைப் பாக்கற டெஸ்ட்) அனுப்பினேன், முதல் சாம்பிள் பத்தலன்னு இன்னொரு கிட் வந்து அதுலயே ரெண்டு மாசம் போச்சு. இப்ப ரிசல்ட் வந்திருக்கு, மேட்ச் 4 பேரு, ஒருத்தர் கூட முனுசாமி இல்ல! கிட்டத்துல இருக்கறவரே மொரீஷியஸ், சர்நேம் பெருமாள், டிஸ்டன்ஸ் 3 (அதாவது 37-ல 3 வித்தியாசம்). சாம்பிள் மாறிடுச்சா, இல்ல எங்க வீட்ல யாரையாவது தத்தெடுத்து வளத்தாங்களா? அப்பாகிட்ட இன்னும் சொல்லல. தூக்கமே வரல.

டோங்காட்_அக்கா:
தம்பி, பயப்படாதீங்க, சாம்பிளும் மாறல ஒண்ணும் மாறல. முனுசாமிங்கறது குடும்பப் பேரே இல்லப்பா, அது உங்க கொள்ளுத்தாத்தாவோட சொந்தப் பேரு. நம்ம ஊர் வழக்கத்துல அப்பா பேரு தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1860-ல ட்ரூரோ கப்பல் வந்ததுலேருந்து 1911-ல ஆள் அனுப்பறதை நிறுத்துற வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல நேட்டாலுக்கு (நம்ம டர்பன் இருக்கற பகுதிக்கு அப்ப இருந்த பேரு) ஒப்பந்தக் கூலிங்களா வந்தாங்க, அவங்க பிள்ளைங்களுக்கு ஆபீஸ்ல சர்நேம் கேட்டப்ப அப்பா பேரையோ சாதிப் பட்டத்தையோ எழுதினாங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு. பேரு உங்க வீட்ல மூணு தலைமுறை, ஒய் குரோமோசோம் அப்பா மகன்னு எத்தனையோ நூறு வருஷமா வர்றது, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? மொரீஷியஸ்லயும் இதே கதைதான், பெருமாள்ங்கறது அவரோட பாட்டன் யாராவது ஒருத்தர் பேரா இருக்கும்.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
அக்கா சொல்றது சரி. 37-ல டிஸ்டன்ஸ் 3-னா பொதுப் பாட்டன் கப்பலுக்கு ரொம்ப முன்னாடி கூட இருந்திருக்கலாம். ஊர் பேரு டெஸ்ட்ல வராது தம்பி, கப்பல் லிஸ்ட்லதான் வரும். வந்த ஒவ்வொரு ஆளுக்கும் குடுத்த நம்பர், அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வச்சிருக்கான். நம்பர் இல்லாம தேடினா எக்கச்சக்க முனுசாமி வருவாங்க. தாத்தாவோட பழைய பர்த், கல்யாண சர்டிபிகேட் எல்லாத்தையும் பாருங்க, அப்பா பேருக்குப் பக்கத்துல அந்த நம்பர் இருக்க வாய்ப்பு நிறைய.

பீனிக்ஸ்_பொண்ணு:
நடுவுல கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. எங்க அப்பா தவறிட்டாரு, நாங்க மூணும் பொண்ணுங்க, நான் இந்த டெஸ்ட் எடுக்கலாமா அக்கா?

டோங்காட்_அக்கா:
நமக்கு ஒய் கிடையாதும்மா. சித்தப்பா பெரியப்பா இருந்தா, இல்ல அவங்க மகன் இருந்தா எடுக்கச் சொல்லு. யாரும் இல்லன்னா ஆட்டோசோமல் டெஸ்ட் (அப்பா பக்கம், அம்மா பக்கம் ரெண்டையும் பாக்கறது, பொண்ணுங்களும் எடுக்கலாம்) எடு, ஆனா ஒண்ணு, நம்ம வீடுகள்ல அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கிட்டே வந்ததால ஒரே ரத்தம் ரெண்டு மூணு வழியா வந்து சேரும், அதனால தூரத்துச் சொந்தத்தையும் கிட்டத்துச் சொந்தம்னு காட்டும். அதை நம்பி உடனே வம்சாவளியில எழுதிடாத.

சாட்ஸ்வர்த்_பையன்:
ஆயாவோட தகரப் பெட்டியில தாத்தா கல்யாண சர்டிபிகேட் கிடைச்சிடுச்சு!! மடிச்ச இடம் கிழிஞ்சு யாரோ டேப் ஒட்டியிருக்காங்க, அதுக்கு அடியில நம்பரோட கடைசி எழுத்து 1-ஆ 7-ஆன்னு தெரியல.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
ரெண்டு நம்பரையும் கப்பல் லிஸ்ட்ல போட்டுப் பாருங்க. பேரும் வயசும் ஒத்து வருதான்னு பாருங்க, தெரிஞ்சிடும்.

சாட்ஸ்வர்த்_பையன்:
மாமா, 7! 1-ல ஒரு பொம்பளை பேரு இருக்கு. 7-ல முனுசாமி, வயசு 22, அப்பா பேரு வெள்ளையன், வட ஆற்காடு ஜில்லா, வந்தவாசி தாலுகா, இடது புருவத்துல தழும்பு. கிராமத்து பேருதான் இங்கிலீஷ்ல கிறுக்கி வச்சிருக்கான், புரியல.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
கண்ணால படிக்காதீங்க, வாய்விட்டுப் படிங்க. நம்மாளு சொன்னதைக் காதால கேட்டு எழுதினது அது. அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு நாலஞ்சு விதமா சொல்லிக் காட்டுங்க, அப்புறம் வந்தவாசி தாலுகா கிராமப் பேருங்களோட ஒத்துப் பாக்கலாம், நானும் உக்காந்து பாக்கறேன்.

சாட்ஸ்வர்த்_பையன்:
சொன்னேன் மாமா. கிராமம் இன்னும் பிடிபடல. ஆனா அப்பா "வெள்ளையன், வெள்ளையன்"னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு, அந்தப் பேரைப் பெருசா ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொன்னாரு. சாமி ரூம்ல வச்சிருக்காரு.