திசைச்சொல்லா, துணைவினையா, திசைநிரப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டனீஸில், ஒரு வினைக்குப் பின்னால் ஏறு, இறங்கு, வா, போ போன்ற சொற்கள் வந்து அது எந்தத் திசையில் நடக்கிறது என்று காட்டும். பாடக்குறிப்பில் இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. வந்த பரிந்துரைகளில் 'திசைச்சொல்' வேண்டாம் என்பேன். தொல்காப்பியம் தொட்டே அது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்து வந்து வழங்கும் சொற்களுக்கு உரிய பெயர். இலக்கணம் படித்தவர் குழம்பிப் போவார்.

'துணைவினை' அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. 'ஹாங்' நட, 'ஸொங்' ஏறு, 'லை' வா, 'ஹொய்' போ. மாடியில் இருப்பவர் கீழே நிற்பவரை 'ஹாங் ஸொங் லை' என்று கூப்பிட்டால், நடந்து ஏறி வா. வரிசை அப்படியே தமிழ். ஆனால் தமிழில் காலமும் விகுதியும் கடைசி வினையில் ஏறும்: ஏறி வந்தான். கான்டனீஸில் செயல் முடிந்ததைக் காட்டும் 'ஜொ' முதல் வினையை ஒட்டியே நிற்கும்: 'ஹாங் ஜொ ஸொங் ஹொய்', நடந்து ஏறிப் போயாயிற்று. முடியாது என்று சொல்ல 'ம்' நடுவில் நுழையும்: 'ஹாங் ம் ஸொங் ஹொய்'. ஆக, தலைமை 'ஹாங்'குக்குத்தான். பின்னால் வருபவை அதன் பொருளை நிரப்புகின்றன. சீன இலக்கணத்திலும் இவற்றுக்கு ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் பெயர். அதனால் என் பரிந்துரை 'திசைநிரப்பி'.

இவை தனி வினையாகவும் வருமே என்று கேட்கலாம். வரும். ஹாங்காங் சிவப்பு மினிபஸ்ஸில் இறங்க வேண்டியவர் ஓட்டுநருக்குக் கேட்கும்படி 'யௌ லொக்' என்று குரல் கொடுப்பார்: இறங்க ஆள் இருக்கு. அங்கே 'லொக்' முழு வினை. 'ஹாங் லொக் லை', நடந்து இறங்கி வா என்னும்போதுதான் நிரப்பி. பெயர் சொல்லுக்கல்ல, அது செய்யும் வேலைக்கு என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம்.

'லை', 'ஹொய்' இரண்டும் மட்டும் பேசுபவர் நிற்கும் இடத்தைப் பார்த்து மாறுபவை. இவற்றுக்குப் புதுப்பெயர் தேட வேண்டாம். 'வருசொல்' தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, இணையாகச் 'செல்சொல்' வைத்துக்கொள்வோம்.

அப்புறம், இதே வரிசையில் வரும் 'ஃபான்'. 'திரும்பு' என்று மட்டும் பொருள் எழுதினால், காலையில் வேலைக்குக் கிளம்புபவர் 'ஃபான் குங்' என்று ஏன் சொல்கிறார் என்பது விளங்காது. தனக்கு உரிய, வழக்கமான இடத்துக்குப் போவதும் அதில் அடங்கும். பள்ளிக்குப் போவதற்கும் அதே 'ஃபான்'தான். இதை ஒரே தமிழ் வினையில் சொல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.