கலிலேயோ கீனி: ஓவியரா, பீங்கான் கலைஞரா?

கோட்டோவியன் எழுதியது:

இத்தாலிய மட்பாண்டங்களைப் பற்றி இங்கே நடந்த பேச்சில் ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கலிலேயோ கீனியின் (1873–1956) பெயர் வந்தது. "அவருடைய ஜாடிகள் போதும், ஓவியங்களை மறந்துவிடலாம்" என்று ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அதை அப்படியே விட்டுவிட மனம் வராததால் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன்.

கீனி சுவரில் வரைந்ததையும் சூளையில் சுட்டதையும் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே பாதிதான் விளங்கும் என்பது என் கருத்து. தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர், தந்தையின் உடன்பிறந்தாரான தாரியோ கீனியிடம் தொழில் பழகினார். அது பழைய கட்டடங்களின் சுவரோவியங்களைப் புதுப்பிக்கும் தொழில். ஆகவே சட்டமிட்ட கித்தானுக்கு முன்பே அவர் அறிந்தது, ஈரச் சாந்தில் நிறம் எப்படி ஊறி நிற்கிறது என்பதைத்தான். இருபதுகளின் தொடக்கத்தில், 1896ஆம் ஆண்டு, நண்பர்கள் மூவருடன் சேர்ந்து 'லார்த்தே தெல்லா செராமிக்கா' என்ற பட்டறையை ஃப்ளாரன்ஸில் நிறுவினார். நான்கே ஆண்டுகளில், 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தப் பட்டறை உயரிய பரிசைப் பெற்றது. அதற்கு மறு ஆண்டே வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மனிதரின் கையில் வளர்ந்தவை.

சூளைமேட்டான் எழுதியது:

அந்த ஒற்றை வரியை எழுதியவன் நானே. இப்போது காரணத்தோடு எழுதுகிறேன்.

பீங்கான் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கீனியின் பாண்டங்களில் உலகம் வியந்தது அவற்றின் உலோகப் பளபளப்பை. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் 'ஒரே மனிதரின் கை' என்ற பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பது புரியும். மெருகு எனப்படும் கண்ணாடிப் பூச்சை ஏற்கெனவே ஏற்றிச் சுட்டு முடித்த பாண்டத்தின்மேல், வெள்ளி அல்லது செம்பின் உப்பைக் காவிமண்ணோடு குழைத்துத் தீட்டுவார்கள். பிறகு மெருகு உருகாத அளவுக்குக் குறைந்த வெப்பத்தில், சூளைக்குள் காற்றை மட்டுப்படுத்திப் புகைமூட்டி, இன்னொரு முறை சுடுவார்கள். காற்றுக் குறைந்த அந்த நெருப்பு உப்பிலிருந்து உலோகத்தைப் பிரித்து, மெருகின் மேல்தோலில் மிக மெல்லிய படலமாகப் பதித்துவிடும். வெளியே எடுக்கும்போது அது கரிபடிந்த அழுக்குச் சட்டியாகத்தான் இருக்கும். துணியால் துடைத்த பிறகே பொன்னும் செம்மையும் தெரியும். புகை சற்று மிஞ்சினால் மொத்தமும் மங்கிப் போகும். குறைந்தாலோ ஒன்றுமே பிடிக்காது.

இந்த முடிவுகளை எடுப்பவர் சூளையருகே நிற்பவர், தூரிகை பிடித்தவர் அல்ல. 1906ஆம் ஆண்டு முஜெல்லோ பகுதியிலுள்ள போர்கோ சான் லொரென்சோவில் அடுத்த பட்டறையைத் தொடங்கியபோது, தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் அவருடைய உறவினரான கீனோ கீனியிடம் இருந்தது. அந்தப் பாண்டங்களின் அடியில் பொறித்த முத்திரையைப் பாருங்கள்: புனித லொரென்சோவைத் தீயில் வாட்டிக் கொன்ற இரும்புக் கம்பித் தட்டும், அதன்மேல் ஃப்ளாரன்ஸின் அல்லிப் பூவும். அது பட்டறையின் முத்திரை, கலிலேயோவின் தனிக் கையொப்பம் அன்று.

ஓவியத்துக்கு வருவோம். 1910ஆம் ஆண்டு வெனிஸ் பியனாலேயில், பொன் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற வியன்னா ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட்டின் ஓவியங்கள் தனி அறையில் வைக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டு அதே இடத்தில் கீனி 'வசந்தம்' என்ற தலைப்பில் பெரும் பலகைகளை வரைந்து நிறுத்துகிறார்: பொன் வட்டங்கள், சதுரக் கட்டங்கள், பூக்கள் கொட்டிய பின்னணி. யாருடைய வீட்டுச் சரக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கோட்டோவியன் எழுதியது:

நண்பர் சூளைமேட்டான் நுட்பத்தை விளக்கிய விதத்துக்கு நன்றி. ஆனால் அவர் சொன்னதே அவருக்கு எதிராக நிற்கிறது.

முதலில், பட்டறை வேலை என்பதால் கலைஞர் இல்லை என்றாகிவிடாது. ஃப்ளாரன்ஸில் தெல்லா ரோபியா குடும்பத்தார் தலைமுறைகளாகப் பட்டறையில்தான் சுடுமண் சிற்பங்களைச் செய்தார்கள். அதனால் லூக்கா தெல்லா ரோபியாவை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. கீனோவின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் எந்த மயிலிறகு எந்த வளைவில் விரிய வேண்டும், பாண்டத்தின் கழுத்தில் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது கலிலேயோவின் வரைதாள். சூளையின் தற்செயலை முன்கூட்டியே எண்ணி வரைபவருக்கு ஓவியர் என்ற பெயர் ஏன் பொருந்தாது?

இரண்டாவது, கிளிம்ட். கீனி அவரைப் பார்த்தார், பாதிக்கப்பட்டார். இதை யார் மறுக்கிறார்கள்? அதே கிளிம்ட் 1903ஆம் ஆண்டு இத்தாலியின் ரவென்னாவுக்குச் சென்று, அங்குள்ள தேவாலயங்களின் பொன் மொசைக்குகளைப் பார்த்த பிறகே தம் பொன் ஓவியங்களின் உச்சத்தை அடைந்தார். அப்படியிருக்க, பொன்னை வியன்னாவின் தனிச்சொத்து என்று எழுதிக்கொடுப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அதைவிட முக்கியமாக, 'வசந்தம்' பலகைகள் தட்டையான ஓவியங்கள் அல்ல. டெம்பரா வண்ணத்தோடு சுதையைப் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் பொன் பூசியிருக்கிறார். பார்ப்பவர் நகர நகர ஒளியும் நகரும்படி செய்யும் அந்த வழி, பளபளக்கும் ஜாடியைக் கையில் திருப்பிப் பார்த்தவருடைய வழி. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சூளையோடு புழங்கிய கண்ணுக்கு இதைக் கிளிம்ட் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெண்சுதை எழுதியது:

இருவரும் இத்தாலியை விட்டு நகரவில்லையே என்று பார்க்கிறேன். கீனியின் வாழ்வில் நடந்த பெரிய திருப்பம் இன்றைய தாய்லாந்தான சயாமில் அல்லவா?

சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் 1907ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பயணம் செய்தபோது வெனிஸ் கண்காட்சிக்கும் வந்தார். பாங்காக்கில் அவர் கட்டத் தொடங்கிய அனந்த சமாகம் அரியணை மண்டபத்துக்கு ஓவியம் தீட்டும் பணி கீனிக்குக் கிடைத்தது. மன்னர் 1910ஆம் ஆண்டு இறந்துவிட்டார். அவர் மகன் வஜிராவுத்தின் ஆட்சியில், 1911ஆம் ஆண்டு கீனி பாங்காக் சென்று 1913 வரை தங்கினார். இத்தாலியக் கட்டடக் கலைஞர்களான தமாஞ்ஞோவும் ரிகோத்தியும் வடிவமைத்த, இத்தாலியப் பளிங்கால் எழுந்த மண்டபம் அது. அதன் குவிமாடங்களிலும் வளைவுகளிலும் சக்ரி அரச மரபின் வரலாற்றைக் கீனி தீட்டினார். ஐந்தாம் ராமா எனப்படும் சுலாலங்கோர்ன் அடிமை முறையை ஒழித்த காட்சியும் அங்கே உண்டு.

அவ்வளவு பெரிய பரப்பைக் குடைவான கூரையில் கையாளும் துணிவு ஜாடி செய்பவருக்கு வந்துவிடாது. அது சுவரோவியரின் துணிவு. ஓவியங்களை மறந்துவிடலாம் என்பவர் பாங்காக்கையும் சேர்த்து மறக்க வேண்டும்.

சூளைமேட்டான் எழுதியது:

பாங்காக் மண்டபத்தை அளவுக்காகப் பாராட்டலாம். மற்றபடி அங்கே என்ன இருக்கிறது? உயரத்தில் மன்னர், கீழே மக்கள், இருபுறமும் கூட்டம், பின்னால் கட்டடம்: அந்தக் காலத்து ஐரோப்பிய அரசு மாளிகை எதிலும் காணக்கூடிய அடுக்குமுறைதான். ஆடைகளை மாற்றினால் அது வேறொரு நாட்டின் வரலாறாகிவிடும். அதுவும் அவர் ஒருவரே செய்த வேலை அல்ல; கார்லோ ரிகோலி உள்ளிட்ட இத்தாலியர்கள் உடனிருந்து தீட்டினார்கள்.

அங்கே அவர் தமக்காக வரைந்தவை வேறு. சீனப் புத்தாண்டை ஒட்டிய இரவைப் பற்றி 1912ஆம் ஆண்டு வரைந்த ஓவியம் இன்று ஃப்ளாரன்ஸின் பித்தி மாளிகையில் இருக்கிறது. இருளுக்குள் விளக்குகள், நெளிந்து வரும் டிராகன், முகம் தெரியாத கூட்டம். எல்லாமே சிறு சிறு வண்ணத் தீற்றல்களால் ஆனவை. நல்ல ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றிரண்டு நல்ல ஓவியங்களால் ஒருவர் பெரிய ஓவியராகிவிடுவாரா என்பதே என் கேள்வி.

அஞ்சல்தலை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1926ஆம் ஆண்டு மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் இசையமைப்பாளர் புச்சீனியின் 'துரந்தோத்' என்ற இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது, அரங்கக் காட்சிகளை வடிவமைத்தவர் கீனிதான். அவரைத் தேர்ந்தெடுத்தது புச்சீனி. அரங்கேற்றத்தைக் காண அவர் உயிரோடு இல்லை. இதை ஓவியத்தில் சேர்ப்பதா, பீங்கானில் சேர்ப்பதா என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

கோட்டோவியன் எழுதியது:

அஞ்சல்தலை கேட்டது நையாண்டியாக இருந்தாலும் சரியான கேள்வி. எதிலும் சேர்க்க முடியாது என்பதே விடை. கீனி இடங்களை ஆக்கியவர். வடக்கு இத்தாலியில், பார்மாவுக்கு அருகே சால்சோமஜ்ஜோரே என்ற வெந்நீர் ஊற்று நகரம் இருக்கிறது. அங்கே 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெர்சியேரி குளியல் மாளிகையைக் கட்டட வடிவமைப்பில் உகோ ஜூஸ்தியும், அலங்காரத்தில் கீனியும் உருவாக்கினார்கள். முகப்பில் சான் லொரென்சோ சூளையிலிருந்து வந்த சுடுமண் அணிகள். உள்ளே மாடிப்படிகளைச் சுற்றிச் சுவரோவியங்கள். நீருக்காகக் கட்டிய மாளிகையில், ஈரம் படும் இடத்துக்குப் பீங்கானையும் படாத இடத்துக்கு வண்ணத்தையும் அவர் கையாண்டிருப்பதில் சயாமும் ஃப்ளாரன்ஸும் வியன்னாவும் கலந்து கிடக்கின்றன. கொஞ்சம் அளவுமீறிய கலவைதான்; எனக்கே சில மூலைகளில் மூச்சு முட்டும். ஆனால் எந்த இடத்தில் ஓவியர் நிறுத்தினார், எங்கே பீங்கான்காரர் தொடங்கினார் என்று ஒரு கோடு கிழித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சூளைமேட்டான் எழுதியது:

கோடு கிழிக்கும் வேலையைக் காலமே செய்திருக்கிறது. 1909ஆம் ஆண்டு வெனிஸ் பியனாலேயின் மைய அரங்கில் எட்டுப் பகுதிகளாகப் பிரித்து அவர் தீட்டிய குவிமாடத்தை, இருபது ஆண்டுகள்கூடத் தாங்காமல், 1928ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் ஜியோ போன்ட்டியின் புதிய வடிவமைப்பு மறைத்துவிட்டது. 1986 வரை அது வெளியே தெரியவில்லை. 'வசந்தம்' பலகைகளோ ஒன்றாக இல்லாமல் பல இடங்களுக்குச் சிதறிப் போயின.

மறுபுறம் சூளையைப் பாருங்கள். 1943 டிசம்பர் இறுதியில் போர்கோ சான் லொரென்சோ மீது விழுந்த குண்டுகளில் பட்டறை அழிந்தது. ஆனாலும் அங்கு செய்த பாண்டங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவ்வூரிலேயே பெக்கோரி ஜிரால்தி மாளிகையில் கீனி குடும்பத்தின் அருங்காட்சியகம் இயங்குகிறது. பட்டறையே போன பிறகும் பெயர் நிற்கிறது என்றால், எது வலியது என்று நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

வெண்சுதை எழுதியது:

ஐயா, ஜியோ போன்ட்டியின் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. குவிமாடத்தை மறைத்த அந்த 1928ஆம் ஆண்டில் போன்ட்டி யார்? 1923 முதல் 1930 வரை ரிச்சர்ட்-ஜினோரி பீங்கான் நிறுவனத்தின் கலை இயக்குநர். 1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் புதிய பாணிப் பீங்கான்களுக்காகப் பரிசு வாங்கியவர். மெலிந்த கோடும் வெறுமையான வெண்பரப்புமாக ரசனை மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொன்னும் பூவுமாக நிறைந்த கீனியின் கை பழசாகத் தெரிந்தது. அதே 1925ஆம் ஆண்டில் கீனி தம் சூளையின் கலைப் பொறுப்பிலிருந்தும் விலகினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்குப் பின்னடைவு வந்தது ஓவியத்தில் மட்டும் அன்று. பீங்கானிலும் அதே ஆண்டுகளில் அவருடைய காலம் முடிந்தது.

ஆகவே, மறைக்கப்பட்டதை ஓவியத்தின் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவதானால், அந்த ரசனை மாற்றத்துக்கு முன்னின்ற பீங்கான்காரரான போன்ட்டியின் பெயரையும் சேர்த்தே காட்ட வேண்டும். பாண்டத்தை அலமாரிக்கு மாற்றலாம். குவிமாடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?