நாற்பது நிமிடச் சாண்ட்விச்

சித்தி (இரவு 8:10): இன்று மாலை 3 சாண்ட்விச் வாங்குவதற்காக முழுதாக 40 நிமிடம் நின்றேன். எனக்கு முன்னால் 5 பேர்தான் இருந்தார்கள். காத்திருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், எனக்குப் பின்னால் வந்த இருவர் என் கண்முன்னே பையை வாங்கிக்கொண்டு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டதற்கு அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வருகிறது" என்று மட்டும் சொன்னான்.

அக்கா (8:14): ரொட்டியை வெட்டி, காய் அடுக்கி மூடுவதற்கு இவ்வளவு நேரமா? இனி அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள், சித்தி.

தம்பி (8:21): கல்லூரிக் காலத்தில் இப்படிப்பட்ட கடையில் 2 ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் நின்ற 5 பேர் கண்ணுக்குத் தெரிந்த வரிசை மட்டுமே. செயலியில் வந்த ஆர்டர்கள் உள்ளே சீட்டுச் சீட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த இருவரும் வீட்டிலிருந்தே சொல்லிவிட்டு எடுத்துப்போக வந்தவர்களாக இருக்கலாம்.

மாமா (8:30): அங்கே எத்தனை டோஸ்டர் இருந்தன, தங்கச்சி?

சித்தி (8:31): ஒன்றுதான், அண்ணா. அதிலும் ஒரு நேரத்தில் இரண்டுதான் வைத்தார்கள்.

மாமா (8:42): அப்படியானால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒரு முறை வாட்ட 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 சாண்ட்விச்சுக்கு மேல் அந்தக் கடையால் தரவே முடியாது. இன்னும் நான்கு பேரை வேலைக்கு நிறுத்தினாலும் 41ஆவது வராது. தொலைபேசி அழைப்புகளுக்காக டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஆட்கள் ஒழுங்கில்லாமல் வரும் ஒரு கடையில், ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது என்றால், கடை தன் திறனில் 80 விழுக்காடு அளவுக்கு இயங்கும்போது வரிசையில் நிற்கும் நேரம் சராசரியாக 8 நிமிடம். அதுவே 95 விழுக்காட்டை எட்டும்போது 38 நிமிடம். கூட்டம் கொஞ்சம்தான் கூடியிருக்கும், காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடும்.

அக்கா (8:45): அது தெரிந்தும் செயலி ஆர்டரை ஏன் வாங்கிக் குவிக்கிறார்கள், மாமா?

தம்பி (8:49): நெரிசல் நேரத்தில் செயலியைச் சற்று நிறுத்திவைக்க வழி இருந்தது. ஆனால் அதைத் தொட எங்கள் முதலாளி ஒருநாளும் விட்டதில்லை. இதோடு, முட்டை வைத்த கையால் சைவம் செய்யக்கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் கையுறையை மாற்றவேண்டும். அதற்கிடையே வாடிக்கையாளர் கண்ணாடிக்கு முன் நின்று சாஸை யோசிப்பார்.

சித்தி (8:55): அந்த யோசித்தவர்களில் நானும் ஒருத்திதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு வெங்காயம் வேண்டாம் என்பது நினைவுக்கு வந்து, பாதியில் எடுக்கவும் சொன்னேன். டோஸ்டர் ஒன்றுதான் என்பதும் அந்தப் பையனின் குற்றம் அன்று. ஆனாலும் பில் போடும்போதே "இன்னும் 15 சாண்ட்விச் முன்னால் இருக்கின்றன, அரைமணி ஆகும்" என்று சொல்லியிருந்தால், நான் பக்கத்தில் மருந்து வாங்கிவிட்டு வந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு டோஸ்டர் தேவையில்லையே.

மாமா (8:58): அதில் எனக்கு மறுப்பே இல்லை. சீட்டுகளை எண்ணினாலே அவர்களால் சொல்லியிருக்க முடியும்.

தம்பி (9:03): நாங்களும் சொன்னதில்லை, சித்தி. சொன்னால் ஆள் போய்விடுவார் என்று பயம். அடுத்த முறை அவசரமென்றால் வாட்டாமல் தரச்சொல்லுங்கள்; டோஸ்டருக்கான வரிசையில் நிற்கவேண்டியதே இருக்காது.

சித்தி (9:06): வாட்டாத ரொட்டியை உங்கள் சித்தப்பா தொடமாட்டார். அடுத்த முறை அவரையே அனுப்புகிறேன்.