பண்பாட்டு அபுனைவு, அரசியல் த்ரில்லர்: ஓராண்டுக்கு 12 நூல்கள், எப்படித் தேர்வது, எந்த வரிசையில் வாசிப்பது?

ஓரக்குறிப்பு:

வணக்கம் நண்பர்களே. அடுத்த ஓராண்டுக்கு 12 நூல்கள் கொண்ட பட்டியல் ஒன்று தேவை. பாதி பண்பாட்டு அபுனைவு (ஒரு சமூகத்தின் வாழ்வைப் பற்றிக் கற்பனை கலக்காமல் எழுதிய நூல்கள்), பாதி அரசியல் த்ரில்லர். வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடியும். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் ஒட்டுறவே இல்லை. இந்த இரண்டு வகையையும் எப்படிக் கோப்பது? எதை முதலில் எடுப்பது? அபுனைவு நூல்களைப் பலரும் 80, 100 பக்கத்தோடு மூடிவைத்துவிடுகிறார்களே, அது ஏன்? த்ரில்லரில் எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்தறிய முறை ஏதும் உண்டா? நூல் பெயர், ஆண்டு, காரணம் மூன்றோடும் சொன்னால் பேருதவி.

மூன்றாம்பதிப்பு:

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். த்ரில்லருக்குப் பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை நிமிடம் பிடிக்கும். 350 பக்க நாவல் 9 மணி நேரத்தில் முடியும். அபுனைவைக் குறிப்பெடுத்தபடி வாசித்தால் பக்கத்துக்கு 3 நிமிடம். 350 பக்க நூலில் கடைசி 60, 70 பக்கம் குறிப்புகளும் சொல்லடைவும்தான். மீதி 280 பக்கத்துக்கு 14 மணி நேரம். ஆக ஒரு ஜோடிக்கு 23 மணி நேரம், உங்கள் கணக்கில் ஐந்து வாரம். ஆறு ஜோடிக்கு முப்பது வாரம் போக 22 வாரம் கையிருப்பு நிற்கும். அதில் புது நூல்களைத் திணிக்காதீர்கள். அபுனைவு நூல் ஒன்று நிச்சயம் இழுத்தடிக்கும், அதற்காகத்தான் அந்த இடைவெளி.

கோப்பதற்கு ஒரே விதிதான்: நாடும் பத்தாண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 'சர்வாதிகாரம்', 'உளவு' என்று கருப்பொருளை வைத்துக் கோத்தால் இரண்டாவது நூல் முதல் நூலுக்கு எதையும் சேர்க்காது. இடமும் காலமும் ஒன்றானால், நாவலில் பின்னணியாக ஒதுங்கி நின்றவர்கள் அபுனைவில் முன்னுக்கு வருவார்கள்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் த ஜேக்கல்' (1971). பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஓஏஎஸ் என்ற தீவிர வலதுசாரி இரகசியப் படை அமர்த்தும் கூலிக் கொலையாளியின் கதை. டி கோல் 1970இல் இயற்கையாக இறந்தவர் என்பது அன்று வாசித்த எல்லாருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் 'எப்படி' என்ற கேள்வியை மட்டும் வைத்துப் பதற்றத்தைக் கட்டியிருக்கிறார். ஆனால் பிரெஞ்சுக் காலனியாக இருந்த அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காகத்தான் ஓஏஎஸ் டி கோலை வெறுத்தது; அந்த அல்ஜீரியாவும் அதன் மக்களும் நாவலில் கிட்டத்தட்ட இல்லை. அந்த வெற்றிடத்தில் ஃபிரான்ஸ் ஃபனோனின் 'எ டையிங் கொலோனியலிசம்' (பிரெஞ்சு மூலம் 1959) வந்து உட்காரும். முக்காடு, வானொலி, குடும்பம், மருத்துவம் என்று அன்றாடப் பொருள்கள் வழியாக விடுதலைப் போர் ஒரு சமூகத்தை எப்படி மாற்றியது என்று எழுதியிருக்கிறார். வானொலி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். ஆட்சியாளரின் கருவி என்று அல்ஜீரியர்கள் வீட்டுக்குள் விடாத பெட்டி, விடுதலைப் படையின் ஒலிபரப்பு தொடங்கியதும் தேடி வாங்கும் பொருளாகிறது. இங்கே நாவல் முதலில், ஃபனோன் பிறகு.

இரண்டாவது ஜோடி: ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' (1963), அன்னா ஃபண்டரின் 'ஸ்டாசிலேண்ட்' (2003). பெர்லின் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13; நாவல் அந்தச் சூட்டிலேயே வந்தது. ஃபண்டரின் நூல் கிழக்கு ஜெர்மனி மறைந்த பிறகு எழுதப்பட்டது. கண்காணிக்கப்பட்டவர்களையும், நாளிதழில் விளம்பரம் கொடுத்துத் தேடிப் பிடித்த முன்னாள் ஸ்டாசி (கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல்துறை) ஆட்களையும் நேரில் பேட்டி கண்டிருக்கிறார். ஸ்டாசியில் இறுதிக் காலத்தில் முழுநேர ஊழியர் மட்டும் சுமார் 91,000 பேர். நாவலில் இரண்டு உளவு நிறுவனங்களின் சதுரங்கமாகத் தெரிந்தது, இங்கே குடும்பங்களுக்குள் புகுந்த ஒன்றாகத் தெரியும்.

மூன்றாவது: மரியோ வர்கஸ் யோசாவின் 'தி ஃபீஸ்ட் ஆஃப் த கோட்' (ஸ்பானிய மூலம் 2000), லாரன் டெர்பியின் 'தி டிக்டேட்டர்ஸ் செடக்ஷன்' (2009). இரண்டும் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹியோவின் ஆட்சியைப் பற்றியவை. நாவல் மூன்று இழைகளில் மாறி மாறிப் போகும்: பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் ஒரு பெண், சர்வாதிகாரியின் கடைசி நாள், காரில் காத்திருக்கும் கொலையாளிகள். முதல் 60 பக்கம் பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் இழைவாரியாகப் பெயர்களை எழுதிக்கொண்டே போனால் அதன் பிறகு தடையே இல்லை.

ஆறையும் ஜோடியாக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு ஜோடி, நான்கு தனி நூல் என்று வையுங்கள். எல்லாமே ஜோடியானால் வாசிப்பு வீட்டுப்பாடமாகிவிடும்.

அடிக்குறிப்பு:

அபுனைவு ஏன் 80ஆம் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நூலின் அமைப்புதான் காரணம். ஆய்விலிருந்து வரும் பண்பாட்டு நூல்களில் முதல் அத்தியாயம் முன்னோடி ஆய்வாளர்களோடு நடக்கும் வாதம். அந்த வாதம் தெரியாதவருக்கு அது சுவர். முன்னுரையின் கடைசி இரண்டு மூன்று பக்கங்களில் அத்தியாயச் சுருக்கம் இருக்கும். அதை வாசித்துவிட்டு, இடமும் மனிதரும் பொருளும் வருகிற முதல் அத்தியாயத்துக்குத் தாவுங்கள். நூலை முடித்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால் அது தானாகத் திறந்துகொள்ளும்.

சிட்னி மின்ட்ஸின் 'ஸ்வீட்னஸ் அண்ட் பவர்' (1985) உங்கள் தனி நூல் இடத்துக்கு நான் பரிந்துரைப்பது. மொத்தம் ஐந்து அத்தியாயம். முதலாவது உணவு மானிடவியல் பற்றிய பொது விவாதம், பலர் அங்கேயே விழுகிறார்கள். உற்பத்தி பற்றிய இரண்டாவதிலிருந்து தொடங்கி, நுகர்வு பற்றிய மூன்றாவதைப் பொறுமையாக வாசியுங்கள். செல்வர்களின் அரும்பொருளாக இருந்த சர்க்கரை, கரீபியத் தோட்டங்களின் அடிமை உழைப்பால் மலிந்து, 1900 வாக்கில் ஆங்கிலேயரின் உணவுக் கலோரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. தேநீரில் விழும் ஒரு கரண்டியில் பேரரசு, அடிமை முறை, ஆலைத் தொழிலாளியின் இடைவேளை மூன்றையும் காட்டுகிறார். எந்த அரசியல் த்ரில்லருக்கும் குறையாத இறுக்கம் இதில் உண்டு.

வாங்கும் முன் 20 நிமிடச் சோதனை ஒன்று. நடுவில் ஏதாவது பத்துப் பக்கத்தைத் திறந்து, ஊர், ஆண்டு, பேசியவர் யார் என்ற மூன்றும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். 'அந்த நாட்டார் இயல்பிலேயே...', 'அவர்கள் மனம்...' என்று தொடங்கும் வாக்கியங்கள் அந்தப் பத்துப் பக்கத்தில் மூன்றுக்கு மேல் வந்தால் எச்சரிக்கையாகுங்கள். பிறகு, ஆசிரியர் அங்கே எவ்வளவு காலம் இருந்தார், மொழி அறிந்தவரா, களப்பணி எந்த ஆண்டுகளில் என்பதை நன்றியுரையில் தேடுங்கள். இவை பெரும்பாலும் முன்னுரையில் இருக்காது, நன்றியுரையில்தான் இருக்கும். கடைசியாகக் குறிப்புகள் பகுதி: எல்லாக் குறிப்பும் ஐந்தாறு நூல்களையே திரும்பத் திரும்பச் சுட்டினால், அது பிறர் ஆய்வின் தொகுப்பு. தொகுப்பாக இருப்பது குற்றமில்லை, ஆனால் தெரிந்து வாசிக்க வேண்டும்.

புகழ்பெற்ற நூல்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ரூத் பெனடிக்டின் 'தி கிரிசாந்திமம் அண்ட் த ஸ்வோர்ட்' (1946) ஜப்பானுக்கே போகாமல், போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காகச் செய்த ஆய்விலிருந்து எழுந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரின் பேட்டிகளும் நூல்களும் திரைப்படங்களும்தான் அதன் ஆதாரம். அதை ஜப்பானைப் பற்றிய முடிந்த முடிவாக வாசித்தால் வழுக்கும். எதிரி நாட்டைத் தொலைவிலிருந்து புரிந்துகொள்ள நடந்த முயற்சியாக வாசித்தால் இன்றும் மதிப்புக் குறையாது.

ரிசார்ட் கபுஷின்ஸ்கியின் 'தி எம்பரர்' (போலிஷ் மூலம் 1978) இன்னும் சிக்கலானது. 1974இல் பதவி பறிக்கப்பட்ட எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியின் அரண்மனை ஊழியர்கள் பேசுவதாக அமைந்தது. பேசுபவர்களுக்கு முதலெழுத்து மட்டுமே உண்டு, சரிபார்க்க வழியில்லை. துல்லியத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கடுமையாகவே கேட்டிருக்கிறார்கள். போலந்து வாசகர்கள் அதைத் தங்கள் கம்யூனிஸ்ட் தலைமையின் உருவகமாக வாசித்தார்கள். உங்கள் பட்டியலில் அபுனைவுக்கும் த்ரில்லருக்கும் நடுவில் வையுங்கள், எத்தியோப்பிய வரலாற்றுக்கான சான்றாக மட்டும் வைக்காதீர்கள்.

ஓரக்குறிப்பு:

மிக்க நன்றி இருவருக்கும். த்ரில்லரில் உண்மையையும் கற்பனையையும் பிரிப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள். வாசிக்கும்போதே தேடிப் பார்த்தால் கதை போய்விடுகிறது.

கறுப்புக்குதிரை:

வாசிக்கும்போது தேடவே தேடாதீங்க. வரலாற்று ஆளா இருந்தா தேடின முதல் வரியிலேயே அவர் எப்ப, எப்படிச் செத்தார்னு வந்துடும். பென்சிலால ஓரத்துல ஒரு கோடு போட்டுட்டு நகருங்க. வேறொருவர் எழுதின முன்னுரையையும் கடைசியில வாசிங்க. மறுபதிப்பு முன்னுரைகள் கதை முடிச்சைத் தயங்காம உடைக்கும். ஆசிரியர் குறிப்பு நூலின் கடைசியில இருந்தா அது கடைசியிலதான்.

முடிச்ச பிறகு ஒரு தாளை மூணாப் பிரிங்க: ஆட்கள், நிகழ்ச்சிகள், செய்முறைகள். பிழை எங்கே நடக்கும்னு அப்பதான் தெரியும். ஒரு நாவல்ல இந்த மூணும் ஒரே அளவுக்கு உண்மையா இருக்காது. 'ஜேக்கல்'ல நிகழ்ச்சி உண்மை: 1962 ஆகஸ்ட் 22ல பாரிஸ் பக்கத்துல பெட்டி-கிளமார்ல டி கோலின் கார் மேல நடந்த துப்பாக்கிச்சூடு, அதுக்குத் தலைமை தாங்கின பாஸ்டியன்-திரிக்கு 1963 மார்ச் 11ல மரண தண்டனை. செய்முறையும் உண்மை: இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வச்சுப் பாஸ்போர்ட் எடுக்கிற வழி அன்றைய பிரிட்டிஷ் நடைமுறையில நிஜமாவே இருந்த ஓட்டை. ஆட்கள்ல கொலையாளியும் அவனைத் துரத்துற போலீஸ் அதிகாரி லெபேலும் கற்பனை. ரெண்டு பத்தியும் உண்மையா இருக்கிறதால மூணாவதையும் நம்பிடுறோம்.

யோசாவோட நாவல் இதுக்குத் தலைகீழ். த்ருஹியோ, அவர் கீழே பெயரளவுக்கு அதிபரா இருந்த பலாகுவேர், உளவுத் தலைவர் ஜானி அபேஸ் எல்லாம் நிஜ ஆட்கள். 1961 மே 30ல த்ருஹியோவைக் கொன்னதும் நிஜம். ஊர் திரும்புற பெண் ஊரானியா கப்ராலும் அவ அப்பாவும் கற்பனை. நிஜ ஆட்களோட தலைக்குள்ள ஓடுற எண்ணங்கள் மொத்தமும் ஆசிரியரோடது. வரலாற்று ஆள் ஒருத்தர் தனியா இருக்கிற காட்சி வந்தாலே அதைக் கற்பனைப் பத்தியில போட்டுடுங்க.

இன்னொண்ணு, நூல் வெளியான ஆண்டை எழுதி வச்சுக்குங்க. ஸ்டாசி கோப்புகள் பாதிக்கப்பட்டவங்க பார்க்கத் திறந்தது 1992 ஜனவரியில. அதுக்கு முன்னாடி வந்த கிழக்கு ஜெர்மனி நாவல் எதுவும் அந்த ஆவணங்களைப் பார்த்து எழுதினதில்ல. லெ காரே அப்ப பிரிட்டிஷ் உளவுத்துறையில வேலை பார்த்தவர், அதனாலதான் புனைபெயர். அலுவலகச் சூழல், மனிதர்களோட சோர்வு அதெல்லாம் உள்ளிருந்து வந்தது. கதைத் திட்டம் புனைஞ்சது.

சரிபார்க்கிறதை மூணு விஷயத்தோட நிறுத்துங்க. கோடு போட்ட நாப்பதையும் தேடினா அடுத்த நூலைத் தொட மாட்டீங்க.

மூன்றாம்பதிப்பு:

நான்காவது ஜோடியை விட்டுவிட்டேன். இதில் மட்டும் வரிசை மாறும், அபுனைவு முதலில். வசிலிஸ் வசிலிகோஸின் 'இசட்' (1966) கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் லாம்ப்ராகிஸ் கொலையை அடிப்படையாகக் கொண்டது. 1963 மே 22 அன்று தெசலோனிகியில் அமைதிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தவரை மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் தாக்கினார்கள். ஐந்து நாள் கழித்து இறந்தார். அடியாட்கள் காவல்துறையின் தயவில் பிழைக்கும் ஏழைகள். அந்தத் தயவு எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் வாசித்தால் அவர்கள் வெறும் வில்லன்களாகத் தட்டையாகிவிடுவார்கள்.

ஜே.கே. கேம்பலின் 'ஹானர், ஃபேமிலி அண்ட் பேட்ரனேஜ்' (1964) வடமேற்குக் கிரேக்கத்தின் சரகட்சானி மேய்ப்பர்களைப் பற்றியது. மேய்ச்சல் உரிமைக்கு ஊர்த் தலைவரையும், வழக்குக்கு வக்கீலையும், மேலிடத்துக் காரியத்துக்கு அரசியல்வாதியையும் பிடித்துவைத்து, பதிலுக்கு ஓட்டும் விசுவாசமும் கொடுக்கிற வலையை விரிவாக எழுதியிருக்கிறார். அது மலைக் கிராமம், இது நகரம் என்ற வேறுபாட்டை மனதில் வையுங்கள். கனமான நூல், உறவுமுறை அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புரவலர் உறவு பற்றிய பகுதியில் நின்று வாசித்தால் போதும். வழக்கை விசாரித்த நீதிபதி சார்ட்செடாகிஸ் 1985இல் கிரேக்கக் குடியரசுத் தலைவரானார் என்பதை மட்டும் நாவலை முடிக்கும்வரை மறந்திருங்கள்.

ஓரக்குறிப்பு:

ஜோடியில் ஒரு நூல் கிடைக்காமல் போனால்?

அடிக்குறிப்பு:

நாட்டையும் பத்தாண்டையும் விடாமல், அதே ஆசிரியர் அதே களம் பற்றி ஆய்விதழில் எழுதிய 30, 40 பக்கக் கட்டுரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலின் மையக் கருத்து பெரும்பாலும் அங்கேதான் முதலில் வந்திருக்கும். மொழிபெயர்ப்போ மறுபதிப்போ வாங்கினால் மூலத்தின் அத்தியாய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். சுருக்கப் பதிப்புகள் குறிப்புகளைத்தான் முதலில் வெட்டும், சில சமயம் அத்தியாயங்களையும். த்ரில்லர் கிடைக்காவிட்டால் எரிக் ஆம்ப்ளரின் 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' (1939) எடுங்கள். 1922 ஸ்மிர்னாவிலிருந்து (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) ஒரு குற்றவாளியின் தடத்தை ஐரோப்பா முழுக்கப் பின்தொடர்ந்து, அரசியல் கொலைக்குப் பின்னால் வங்கிப் பணம் நிற்பதைக் காட்டுகிற நாவல். ஜோடி இல்லாமலே நிற்கும்.