அல் பாஸ்தோர் டாக்கோ: மேல கருகுது, உள்ள வேகல, கறி கொழகொழ. அவசரம்!

புதுக்கரி (காலை 11:40)
சாயங்காலம் ஆறு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. பன்றிக்கறியில மெக்சிகன் டாக்கோ, மக்காச்சோள ரொட்டியில கறியை வச்சு மடிக்கிறது. நேத்தே மசாலா தடவி வச்சாச்சு. இப்ப சோதனைக்கு ரெண்டு துண்டு கிரில்ல போட்டேன், மேல கரி, உள்ள பச்சை. கருகாத இடம் கூழ் மாதிரி இருக்கு. என்ன தப்பு?

தணல்
எந்தப் பாகம்? எவ்வளவு தடிமன்? கரியா, கேஸா? மசாலால என்னென்ன போட்டீங்க?

கல்லுச்சட்டி
எதுவா இருந்தாலும் தீதான் காரணம். கொழுப்பு சொட்டி தீ எழும்புது. கரியை ஒரு பக்கமா ஒதுக்குங்க.

மிளகாய்வத்தல்
தேனோ சர்க்கரையோ சேர்த்தீங்களா? இனிப்புதான் முதல்ல கருகும்.

புதுக்கரி
கரி அடுப்பு. லாயின், அதாவது முதுகுக் கறி, விரல் தடிமன். அன்னாசி ஒரு கப் அரைச்சு ஊத்தினேன், தேன் 4 ஸ்பூன்.

தணல்
அன்னாசி பழமா, டின்னா?

புதுக்கரி
பழம்.

பழையகை
இதே கேள்வி மாசம் ஒண்ணு வருது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல. நிறுத்துன கம்பியில, அதாவது ட்ரோம்போல, அடுக்கிச் சுடாதது அல் பாஸ்தோரே இல்ல. நீங்க பண்றது அடோபாடா, அதாவது மிளகாய் மசாலா தடவிச் சுட்ட கறி.

தணல்
கூழுக்குக் காரணம் அந்தப் பழம். வேகாத அன்னாசியில இருக்கிற ப்ரோமெலைன்ங்கிற நொதி கறியோட புரதத்தை அறுத்துடும். ரெண்டு மணி நேரமே அதிகம், நீங்க ராத்திரி பூரா ஊற விட்டிருக்கீங்க. டின் சாறு சூடு பட்டது, அந்த வேலையைச் செய்யாது. கூழானதைத் திருப்ப முடியாது. மசாலாவை வழிச்சுட்டு, பொடியா நறுக்கி, நல்லா காய்ஞ்ச இரும்புக் கல்லுல கொஞ்சம் பன்றிக்கொழுப்பு விட்டு முறுக விடுங்க.

புதுசா போட நேரம் இருக்கு. தோள்பட்டைக் கறி ஒன்றரை கிலோ. ஃப்ரீசர்ல முக்கால் மணி நேரம் வச்சா கத்தி வழுக்காது, 5 மி.மீ. கனத்துக்கு வெட்டலாம். குவாஹியோ (மெக்சிகன் காய்ஞ்ச மிளகாய்) 6, விதை எடுத்து வெறுஞ்சட்டியில அரை நிமிஷம் மட்டும் புரட்டுங்க, கருத்தா கசக்கும். வெந்நீர்ல 20 நிமிஷம் ஊறட்டும். அச்சியோட்டே (சிவப்பு நிறம் தர்ற விதை) பேஸ்ட் 40 கிராம், வினிகர் 60 மி.லி., டின் அன்னாசிச் சாறு 120 மி.லி., பூண்டு 5 பல், கிராம்பு 2, சீரகம் அரை ஸ்பூன், ஓரிகானோ ஒரு ஸ்பூன், உப்பு 20 கிராம். எல்லாம் சேர்த்து அரைச்சுத் தடவி 3 மணி நேரம். தேன் வேண்டாம்.

மசாலாவை வழிச்சுட்டு நேர் தணல்ல பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். தீ எழும்பினா கரி இல்லாத பக்கம் தள்ளுங்க. இறக்கி நறுக்குங்க. அன்னாசித் துண்டைத் தனியா சுட்டு மேல வைங்க.

மிளகாய்வத்தல்
குவாஹியோ கிடைக்கலன்னா காஷ்மீரி மிளகாய். நிறம் வரும், அந்த உலர்பழ வாசம் வராது.

கல்லுச்சட்டி
@பழையகை, மெக்சிகோவோட வடக்கு எல்லை ஊரு திஹுவானாவில ட்ரோம்போல சுட்டதையே அடோபாடான்னுதான் விக்கிறாங்க. உங்க இலக்கணம் ஊருக்கு ஊர் மாறும்.

பழையகை
அது வடக்கு. மூலம் நடு மெக்சிகோவில இருக்கிற புவெப்லா. லெபனான்காரங்க கொண்டு வந்த ஷவர்மாவில இருந்து வந்தது, ஸ்பானிஷ்ல பாஸ்தோர்னாலே ஆட்டிடையன்.

கல்லுச்சட்டி
புவெப்லாவில இருக்கிறது டாக்கோஸ் ஆராபெஸ், அதாவது அரபு டாக்கோ. ரொட்டி வேற, மிளகாய் மசாலாவும் கிடையாது. ரெண்டையும் கலக்காதீங்க.

தணல்
அவருக்கு ஆறு மணிக்கு ஆள் வருது, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். டோர்ட்டியா, அதான் டாக்கோவோட ரொட்டி, எந்த மாவுல போடுறீங்க? சாதா மக்காச்சோள மாவுன்னா ஒட்டாது, தட்டும்போதே ஓரம் விரியும். சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்ச சோளத்தை அரைச்ச மாசா ஹரினா வேணும். மாவு 2 பங்கு, வெந்நீர் ஒன்றரை பங்கு, மூடி அரை மணி நேரம். உருட்டி அமுக்கினா ஓரம் வெடிக்கக் கூடாது, வெடிச்சா இன்னொரு ஸ்பூன் தண்ணி.

புதுக்கரி (இரவு 10:15)
தோள்பட்டை நல்லா வந்துச்சு. கல்லுல முறுக விட்ட பழைய கறிதான் முதல்ல தீர்ந்துச்சு. நன்றிங்க.

மிளகாய்வத்தல்
மிளகாய் எது போட்டீங்க? மாவு ஒட்டுச்சா?