டெட்ராய்ட் கைது: அந்தச் "சாட்சி" கடையிலேயே இல்லை!

நெய்தல்நிலவன்:
நேற்று கணினிக்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "முக அடையாள மென்பொருள் யாரையும் கைது செய்வதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலும் சாட்சி அடையாளம் காட்டிய பிறகுதான் பிடித்தார்கள்" என்கிறார். எந்தச் சாட்சி? 2018இல் ஷினோலா கடையில் சுமார் 3,800 டாலர் பெறுமான கைக்கடிகாரங்கள் திருட்டுப்போன அன்று இவர் சாட்சி என்கிற பெண்மணி கடையிலேயே இல்லை. கேமரா பதிவை மட்டும் பார்த்த பாதுகாப்பு ஊழியர் அவர். பதிவிலிருந்த திருடன் முகத்துக்கு ஒத்தது என்று மென்பொருள் எடுத்துத் தந்த முகத்தையும் சேர்த்து ஆறு படங்களை அவர் முன் நீட்டினார்கள். அதை வைத்து 2020 ஜனவரியில் திருட்டில் சம்பந்தமே இல்லாத ஒரு கறுப்பினத்தவரை, பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணெதிரே, வீட்டு வாசலில் விலங்கு மாட்டி இழுத்துப்போய் சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள்!

கணினிக்காரன்:
மென்பொருள் தந்த தாளிலேயே "இது துப்பு மட்டுமே, கைதுக்குப் போதாது" என்று கொட்டை எழுத்தில் இருந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்? மதிக்காதது போலீஸ். சாட்சி அடையாளம் காட்டினாரா இல்லையா?

நெய்தல்நிலவன்:
கடையில் இல்லை.

தேன்மொழி:
2019இல் அமெரிக்க அரசின் தர நிறுவனமே சோதித்துச் சொன்னது: கறுப்பர், ஆசியர் முகங்களைத் தப்பாகப் பொருத்துவது பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு அதிகம்.

கணினிக்காரன்:
அதே அறிக்கையில், மிகத் துல்லியமான சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை என்றும் இருக்கிறது. பாதி படித்துவிட்டு வராதீர்கள், அம்மணி.

சண்முகம்62:
முதலில் அது "ஷைனோலா". கடைப் பெயரே தெரியாதவர் வழக்குப் பேச வந்துவிட்டார். மின்னணு வாக்குப்பதிவு பற்றிய விவாத இழையிலும் இவர் இப்படித்தான்.

நெய்தல்நிலவன்:
அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், சண்முகம். ஷைனோலாவோ ஷினோலாவோ, அவர் கடையில் இல்லை.

கணினிக்காரன்:
சரி, 2023இல் அதே ஊரில் மென்பொருள் காட்டியதை வைத்துக் கார்ப் பறிப்பு வழக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியைப் பிடித்தார்களே, அங்கே காரைப் பறிகொடுத்தவரே படத்தைத் தொட்டுக் காட்டினார். இப்போது என்ன சொல்வீர்கள்?

நெய்தல்நிலவன்:
அதைத்தானே ஐயா சொல்கிறேன்! லட்சக்கணக்கான முகங்களில் திருடன் ஜாடையுள்ள முகத்தைத் தேடி எடுப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. அப்படி எடுத்த படத்தை நீட்டினால் நேரில் பார்த்தவரும் அதைத்தான் தொடுவார். அந்த அடையாளத்துக்கு என்ன மதிப்பு? 2024இல், கைக்கடிகாரத் திருட்டில் கைதானவர் போட்ட வழக்கில் 3 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தபோது, மென்பொருள் சொன்னதை மட்டும் நம்பிச் சாட்சிக்குப் படவரிசை காட்டக் கூடாது என்று டெட்ராய்ட் போலீஸே ஒப்புக்கொண்டது.

கணினிக்காரன்:
சமரசம் தீர்ப்பாகாது. சாட்சி காட்டினார்.

சண்முகம்62:
வாக்கு இழையில் நான் ஓடவில்லை. ஊருக்குப் போயிருந்தேன்.

நெய்தல்நிலவன்:
கணினிக்காரன், கடையில் இருந்தாரா, இல்லையா?