காது கேக்காத தம்பிகிட்ட "குரல் கேக்குதா"ன்னு கேட்டு மருந்து எழுதிட்டாங்க

மதுரைப்பொண்ணு:
என் தம்பிக்கு பிறவியிலேயே காது கேக்காது, 26 வயசு. அம்மா தவறி நாலு மாசம் ஆச்சு, அதுல இருந்து தூக்கம் இல்ல, சாப்பாடும் குறைஞ்சு போச்சுன்னு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். பத்து நிமிஷம்தான் பாத்தார். "யாரோ பேசுற மாதிரி குரல் கேக்குதா"ன்னு பேப்பர்ல எழுதி காட்டினார், இவன் தலையாட்டிட்டான், அம்மா போட்டோ முன்னாடி தனியா சைகை பண்றான்னு நானும் சொன்னேன், உடனே மனச்சிதைவுன்னு (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல் கேக்குற மாதிரி வர்ற மனநோய்) எழுதிட்டாங்க. மாத்திரை போட்டதுல இருந்து கை நடுங்குது. கைதானே அவனுக்கு பேச்சு, இப்போ அவன் சொல்றது எனக்கே பாதி புரியல. என்ன பண்றது?

கைமொழி:
சைகை மொழிபெயர்ப்பாளரா இருக்கேன், படிச்சதும் வயித்தை பிசையுது. தலையாட்டினா 'ஆமா'ன்னு அர்த்தம் இல்லம்மா, புரியலன்னாலும் ஆட்டுவாங்க, ஸ்கூல்லயே வந்துடுற பழக்கம் அது. சைகை மொழிக்கு இலக்கணமே வேற, அதனால பலர் தமிழ்ல எழுதினா 'அம்மா போ நான் தூக்கம் இல்ல'ன்னு வரும், பழக்கமில்லாத டாக்டர் சிந்தனையே குழம்பிடுச்சுன்னு நினைச்சுடுவார். புருவத்தை தூக்கி வேகமா கை வீசினா ஆவேசம்னு எழுதுவாங்க, ஆனா புருவம் தூக்குறது சைகையில கேள்வி கேக்குற இலக்கணம். காது கேக்காதவங்களுக்கும் மனச்சிதைவு வரும்தான், ஆனா அவங்க மொழியில கேக்காம அதை முடிவு பண்ணக் கூடாது. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நடுக்கத்தை நாளைக்கே சொல்லுங்க.

சட்டம்_பேசு:
2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 4. தகவலை அவருக்கு புரியுற எளிய மொழியிலயோ சைகை மொழியிலயோ படம் காட்டியோ சொல்லணும்னு தெளிவா இருக்கு. பிரிண்ட் எடுத்துட்டு போங்க.

அமைதி_91:
எனக்கும் காது கேக்காது. அக்கா, நீங்க மொழிபெயர்க்க உக்காராதீங்க, தப்பா எடுத்துக்க வேணாம். எனக்கு டிப்ரஷன் வந்தப்போ அண்ணன்தான் கூட வந்தான், டாக்டர் அவன் முகத்தையே பாத்து பேசினார், சாகணும்னு தோணுதுன்னு அண்ணன் முன்னாடி எப்படி சொல்றது. வெளியாள் மொழிபெயர்க்க வந்த அன்னிக்குதான் சொன்னேன்.

மதுரைப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. வேற டாக்டர்கிட்ட செவ்வாய்க்கிழமை போறோம், மொழிபெயர்ப்பாளர் வேணும்னு இப்பவே சொல்லிட்டேன். நேத்து ராத்திரி தம்பிகிட்ட அந்த பேப்பர் புரிஞ்சுதாடான்னு கேட்டேன், 'குரல்'னா என்னன்னு திருப்பி கேட்டான். அம்மா போட்டோகிட்ட தினமும் என்னடா சொல்றன்னு கேட்டேன். சாப்பிட்டேன்னு சொல்றானாம், அம்மா தினமும் கேப்பாங்கல்ல.